பிடிச்சிருக்கான்னு கேட்டா

இருபது வயசுப் பெண் பத்து வயசுப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படலாமா? படக்கூடாதுதான். ஆனால் குச்சி பட்டாள். சும்மா இல்லை, வயிறு காந்தக் காந்தப் பட்டாள். அதைப் பூசி மெழுகி அவளை நல்லவளாக்கிக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஒல்லியாக இருப்பாள், அதனால் குச்சி. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை. முன்னால் இருப்பவர்கள் சிரித்துப் பேசி ஃபிரேமை விற்பார்கள். பின்னால் இவள் லென்ஸின் நடுவில் மையால் புள்ளி வைத்து, மெஷினில் மாட்டி ஓரம் தேய்த்து, ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்து, லென்ஸை உள்ளே அமுக்குவாள். மயிரிழை அதிகம் தேய்த்தால் லென்ஸ் ஆடும், குறைந்தால் ஏறாது. வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று கடையில் சொல்வார்கள்.

அவள் பிறந்த கதை அவளுக்கே சரியாகத் தெரியாது. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை குழந்தைகள் நல அலுவலகம் எடுத்து, சம்மதிக்கிற குடும்பத்தில் வளர்க்க விடும். செலவுக்கு மாதாமாதம் கொடுக்கும். பதினெட்டு முடிந்ததும் கோப்பை மூடிவிடும். குச்சிக்கு நாலு வயசிலிருந்தே இந்த ஏற்பாடுதான். மூன்று வீடு மாறி, பதினோரு வயசில் நாலாவதாக வந்து சேர்ந்தது அத்தை வீடு. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், தனியாள். "அத்தைன்னு கூப்பிடும்மா" என்று அலுவலக மேடம் சொன்னார், கூப்பிட்டாள். ஏழு வருஷம் அங்கே வளர்ந்தாள். பதினெட்டு முடிந்த வாரமே பெட்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

வெளியே வந்தால் ஆயிரம் கேள்வி. வாடகைக்கு அறை கேட்டுப் போனால், "அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போடணும்மா" என்றார்கள். இவள் முழித்ததைப் பார்த்து மூன்று இடத்தில் கதவைச் சாத்தினார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம். அதைப் பார்த்தபடி கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் நாலு நாள் கிடந்தபோது ஏன் என்று கேட்க நாதியில்லை. கடைசியில் அறைக்காக அத்தைதான் வேனோடு வந்தாள். குழாயைத் திறந்து பார்த்தாள், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினாள். ஏழு வருஷம் சோறு போட்டவள் தெரிந்தவராம்! காய்கறிக்காரன்கூடத்தான் தெரிந்தவன் என்று குச்சி அன்று முழுக்க முணுமுணுத்தாள்.

அடுத்த மாதமே அத்தை வீட்டுக்கு வேறொரு பிள்ளை வந்தது. அப்போது எட்டு வயசு, ஒரு இடத்தில் நிற்காது, உட்காராது. வாலு என்று பேர் விழுந்தது. குச்சி படுத்த கட்டில், குச்சி துணி வைத்த அலமாரி, குச்சி எச்சில் தொட்டுப் படம் வரைந்த ஜன்னல், எல்லாம் வாலுவுக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் குச்சி போவாள். அத்தையைப் பார்க்கத்தான் என்று சொல்லிக்கொள்வாள். உண்மையில் கணக்கெடுக்கப் போவாள். ஜன்னலுக்குப் புதுத் திரை. நம்ம காலத்தில் பழைய போர்வை. வாலுவுக்கு இரட்டைப் பின்னல், ரிப்பன். "காலையில வேன் எடுக்கணும், பின்னிவிட நேரமில்லை" என்று நம்ம தலையை ஒட்ட வெட்டிவிட்டாளே! குச்சி ஒரு டம்ளர் உடைத்ததற்கு அரைமணி நேரம் அர்ச்சனை நடந்தது. வாலு பந்தடித்து வேனின் பக்கக் கண்ணாடியையே உடைத்தாள், "கையில கீறலையே?" என்பதோடு சரி. மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி என்பார்கள். இந்த வீட்டில் பெரியவள் உடைத்தால் பொன், சின்னவள் உடைத்தால் மண்.

இதெல்லாம்கூடப் போகட்டும். வந்த ஆறாம் மாதம் வாலு பாட்டுக்கு "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தையும் திருத்தவில்லை. "என்னம்மா?" என்று திரும்பிப் பார்த்தாள்.

"காதுல புகை வருது பாரு" என்று கடையில் பக்கத்து மெஷின் அண்ணன் கிண்டல் செய்தார். "சின்னப் பிள்ளைகூட மல்லுக்கு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"இல்லண்ணே" என்றாள் குச்சி. நிஜமாகவே இல்லை.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. ஒரு நாள் வேலை நேரத்தில் அத்தையின் போன் வந்தது. அத்தைக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வாலுவைத் தத்தெடுக்க மனு போட்டிருக்கேன். கிடைச்சா நிரந்தரமா என் பிள்ளை. பதினெட்டு இருபதுங்கற கணக்கெல்லாம் கிடையாது. செவ்வாக்கிழமை அலுவலகத்துல உன்னையும் வரச் சொல்லியிருக்காங்க. முந்தி இங்க வளர்ந்த பிள்ளை என்ன சொல்லுதுன்னு கேப்பாங்களாம். வருவியா?"

"வரேன் அத்தை" என்றாள். வைத்த பிறகு பார்த்தால் மெஷினில் இருந்த லென்ஸ் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. அதற்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். காதில் ஏறினால்தானே! தத்து. ஏழு வருஷம் இருந்தவளுக்கு வாய்க்காதது, நேற்று முளைத்ததற்கு வாய்க்கிறது. செவ்வாய்க்கிழமை வரட்டும், வாயைத் திறக்கிறேன் என்று கருவிக்கொண்டாள். பொய் சொல்லவே வேண்டாம். அத்தைக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் வீட்டில் பேச்சே இருக்காது. அதைச் சொன்னாலே போதும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் போனாள். அத்தை வெளியே வேன் கழுவிக்கொண்டிருந்தாள். வாலு கட்டிலில் கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதிசயமாக அமைதியாக.

"அக்கா, மேடம் என்னைத் தனியா கூப்பிட்டு இங்க இருக்கப் பிடிச்சிருக்கான்னு கேப்பாங்களாம். என்ன சொல்லணும்?"

இங்கேதான் குச்சியின் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வீட்டில் ஒரு நாய் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, ராத்திரி போர்வையை இழுத்துவிடுகிற ஒரு அக்கா இருந்தாள். அலுவலகத்திலிருந்து வந்து கேட்டபோது பத்து வயசுக் குச்சி, "ரொம்ப ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள். பத்தாம் நாள் அவளை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனது, அவ்வளவுதான் விஷயம். அதை அவளிடம் யார் உட்கார்ந்து சொன்னார்கள்? பிடித்திருக்கிறது என்று சொன்னால் பிடுங்கிவிடுவார்கள் என்று பிள்ளை தானாகப் பாடம் படித்துக்கொண்டது. சூடு கண்ட பூனை. இந்தப் பிள்ளைகள் பாதிப்பேர் இப்படித்தான், சோறு ருசியாக இருந்தால்கூட முகத்தில் காட்ட மாட்டார்கள்.

"பிடிச்சிருக்குன்னு மட்டும் சொல்லிடாத" என்றாள் குச்சி, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது மாதிரி. "சொன்னா உடனே வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. எங்க இருந்தாலும் சரிதான்னு சொல்லு."

"நிஜமா?"

"எனக்கு நடந்திருக்கு."

அவள் அதை முழுக்க நம்பித்தான் சொன்னாளா? முக்கால்வாசி நம்பினாள். மிச்சக் கால்வாசி இருக்கிறதே, அது பச்சைப் பொறாமை. இந்தப் பதிலால் காரியம் கெட்டால் கெடட்டுமே என்று உள்ளே ஒரு குரல் குளுகுளுவென்று சொன்னது. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத் தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு. ஒரு முனையில் அத்தை, பக்கத்தில் புதுச் சட்டையில் வாலு. முதலில் குச்சியைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே புது மேடம். பழையவர் ஓய்வு பெற்றுவிட்டார். மேஜையில் இரண்டு கோப்பு. ஒன்று மெலிசு, ஒன்று தலையணை மாதிரி. தலையணை குச்சியுடையது.

"அவங்க எப்படிம்மா? மனசுல இருக்கறதைச் சொல்லலாம்."

"சாப்பாட்டுக்குக் குறை வெச்சதில்ல. அடிச்சதில்ல. ஆனா ஒரு தடவை ரெண்டு நாள் முழுக்க என்கூடப் பேசவே இல்ல. நான் ஒண்ணுமே பண்ணல. தட்டை வெப்பாங்க, போயிடுவாங்க. பதிமூணு வயசு எனக்கு. சின்னப் பிள்ளையை அப்படிப் பண்ணலாமா மேடம்?"

"பண்ணக்கூடாதுதான்" என்றார் மேடம், எழுதிக்கொண்டே. "எப்போன்னு ஞாபகம் இருக்கா?"

"பழைய மேடம் வந்துட்டுப் போன மறுநாள்."

மேடம் தலையணைக் கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் நின்றது. நிமிர்ந்து குச்சியைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"உன் கோப்புதான், நீ தெரிஞ்சுக்கலாம். அந்த வாரம் அவங்க உன்னைத் தத்தெடுக்க மனு கொடுத்திருந்தாங்க. உனக்கு இஷ்டமான்னு கேக்கத்தான் பழைய மேடம் வந்திருக்காங்க." மேடம் வாசித்தார். "'நிரந்தரமாக இங்கேயே இருக்கப் பிடிக்குமா என்று கேட்டேன். எங்கே இருந்தாலும் சரிதான் என்று குழந்தை சொன்னாள். இந்த வீட்டில் ஒட்டுதல் இல்லை. மனு திருப்பி அனுப்பப்பட்டது. மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டது.'"

குச்சிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. அடுக்களை மேஜை. பழைய மேடம் பேனாவைத் திறந்துகொண்டு, தத்து என்ற பேச்சையே எடுக்காமல், ஏதோ வானிலை விசாரிப்பதுபோலக் கேட்டார். இவள் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயை மூடிக் கெட்டவள். அவள் பொறாமைப்பட்ட எல்லாமும் முதலில் அவளுக்கு என்று எடுத்து வைக்கப்பட்டு, அவளே வேண்டாம் என்று தள்ளிவிட்டது.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் மேடம்.

"அந்த ரெண்டு நாள் விஷயத்தை அடிச்சிடுங்க. இல்ல, இருக்கட்டும், காரணத்தோட எழுதுங்க. நல்லவங்க. வாலுவைக் கொடுங்க." கையெழுத்துப் போட்டாள். "அவளை இப்பவே கூப்பிடப் போறீங்களா?"

"ஆமா, அடுத்தது அவதான்."

"ஒரு நிமிஷம் மேடம்."

தாழ்வாரத்துக்கு வந்து வாலுவின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். பக்கத்தில் அத்தை இருக்கிறாளே, தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லலாமே என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை.

"வாலு, உனக்கு அத்தை வீட்டுல இருக்கப் பிடிச்சிருக்கா?"

வாலு உதட்டை மடித்துக்கொண்டு, "எங்க இருந்தாலும் சரிதான்" என்றாள். பாடம் நன்றாக ஏறியிருந்தது. அத்தையின் முகம் சட்டென்று இறுகியதைக் குச்சி பார்த்தாள்.

"அப்படிச் சொல்லாத. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லு."

"மாத்திடுவாங்கன்னு நீதான சொன்ன?"

"மாத்த மாட்டாங்க. பொறாமையில சொன்னேன்."

"எதுக்குப் பொறாமை?"

"உனக்கு அம்மா கிடைக்கப்போறாங்கன்னு."

வாலு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று எடை போடுகிற பார்வை. இரண்டு மூன்று வீடு மாறிய பிள்ளைகளுக்குத்தான் அது வரும். பிறகு எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

குச்சி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அத்தை பேசவில்லை. போச்சு, இனி இரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம் என்று நினைத்தாள் குச்சி. கதவுக்குப் பின்னால் மேடத்தின் குரல் முணுமுணுவென்று ஏதோ கேட்டது. அப்புறம் வாலுவின் குரல், தெருமுனைக்கே கேட்கிற மாதிரி: "பிடிச்சிருக்கு! அம்மாகூடவே இருப்பேன்!"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குச்சிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? தானே எடுத்துக் கொடுத்த பதில்தான், ஆனாலும் எரிந்தது.

"உள்ள உன் கோப்பையும் வெச்சிருந்தாங்களா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"ம்."

"அப்போ தெரிஞ்சிருக்கும்." அத்தை வேன் சாவியை விரலில் சுற்றினாள். "உனக்கு இஷ்டமில்லன்னு சொன்னாங்க. பிடிக்காத பிள்ளையைப் போட்டு நச்சரிக்க வேண்டாம்னு விட்டுட்டேன். தப்பு பண்ணிட்டேன்டி. நானே ஒரு தடவை உன்கிட்ட நேரா கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் அத்தை" என்றாள் குச்சி. "அவ்வளவு பிடிச்சிருந்தது."