பன்னிரண்டு அடி

தங்கமாரி கோவில்பட்டிக்காரி. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உதிரிப்பாகங்களின் அளவைச் சரிபார்ப்பவள். மண்ணூரில் நாங்கள் எட்டுப் பெண்கள் இருந்த பன்னிரண்டு அடி அகல அறையை, வீட்டுக்காரர் சின்னப்பையன் நடுவே பிளைவுட் அடித்து இரண்டாக்கியிருந்தார். படுக்கையறைக்கு எட்டடி அகலமாவது வேண்டும் என்பது சட்டம் என்று தெரிந்ததும் தங்கமாரி ஊராட்சி ஆபீசில் மனு கொடுத்தாள்.

அதிகாரி வருவதை முன்பே தெரிந்துகொண்ட சின்னப்பையன், அன்று காலையிலேயே பிளைவுட்டைக் கழற்றி மாடியில் போட்டுவிட்டார். அதிகாரி அளந்து பார்த்து, குறையில்லை என்று எழுதிக்கொண்டு போனார். உடனே பிளைவுட் கீழே வந்தது.

அது நிற்கும் இடத்தில் தங்கமாரி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா. அதான் ஆபீசரே அளந்துட்டாரே, எல்லாம் சரியா கீதுன்னு!"

"இனிமே இதை அடிக்க விடமாட்டேன், அண்ணாச்சி."

அவர் அவள் முடியைப் பிடித்து இழுத்தார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அவர் கையிலிருந்த சுத்தியல் அவள் இடதுகை விரல்கள்மேல் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. அவள் வலதுகையால் சுத்தியலைப் பிடுங்கினாள். அவர் முழங்காலில் ஓர் அடி; மீதி அடியெல்லாம் பிளைவுட்டுக்கு. அது துண்டுதுண்டாகும்வரை நிறுத்தவில்லை.

எங்கள் எல்லாரையும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். ஒருவரும் அசையவில்லை. கட்டுப் போட்ட கையோடு தங்கமாரி, பிளைவுட் நின்ற இடத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறாள்.