அக்கா குரலைக் குறைத்தபோது

எங்கள் அக்கா வாயைத் திறந்தால் தெருமுனையில் படுத்திருக்கிற நாய் எழுந்து போய்விடும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சின்ன வயதிலேயே நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தவள். அங்கே கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்கும். அத்தானும் அதே மில்தான். அந்த இரைச்சலில் அவர் காது போயே போய்விட்டது. இப்போது அவருக்குக் கேட்கிற ஒரே குரல் அக்காவுடையது.

வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குப் பிரசவம். அக்கா மட்டும் போவதென்று முடிவானது. மகள் போனிலேயே பாடம் எடுத்தாள்.

"பஸ்ல யாருகிட்டயும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டுடாதம்மா. வண்டி வரலன்னாலும் சிக்னல் விழுந்தாதான் ரோட்டைத் தாண்டணும். முக்கியமா, மெதுவா பேசணும். சுவரெல்லாம் அட்டை மாதிரி. கீழ் வீட்டுல ஏற்கெனவே புகார் குடுத்துட்டாங்க. இன்னொரு தடவைன்னா வீட்டைக் காலி பண்ணணும்."

பிள்ளைத்தாய்ச்சி வீடு தேடி அலைவதா? அக்கா அன்றே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். நான் அடுத்த வீட்டுக்காரி ஆயிற்றே, என்னைத்தான் பிடித்து உட்கார வைத்தாள். சமையலறையிலிருந்து பேசுவாள்.

"கேக்குதாடி?"

"கேக்குது. இன்னும் குறை."

எனக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வந்தது. ஆனால் பிடிவாதக்காரி, பழகிவிட்டாள். கிளம்புகிற வாரம் அவள் பேசுவது எனக்கே எட்டவில்லை.

அத்தான் முகம் சுண்டிப்போயிருந்தது. சாப்பாடு ஆறிக் கிடக்கும், வரமாட்டார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்காகிட்ட சொல்லிடாத, சின்னவளே. எனக்கு மிச்சமிருந்ததும் போச்சு. அவ வாய் அசையுது, சத்தமே வரல. தெரிஞ்சா பயணத்தை நிறுத்திடுவா."

நான் பதில் சொன்னால் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். பெட்டிக்கு மடித்த புடவையோடு வந்து அவர் முன்னால் நின்றாள். பழைய குரல் வந்தது.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான்தான் மெதுவா பேசிப் பழகினேன்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. மெதுவா சொன்னேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அங்க போயி எங்கிட்ட எப்படிப் பேசுவ?"

அக்கா கையிலிருந்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

போய் இறங்கியதும் அவளே வழி கண்டுபிடித்தாள். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரயில் பாலம். மேலே ரயில் தடதடத்துக்கொண்டே இருக்கும், கீழே யார் கத்தினாலும் கேட்பாரில்லை. தினமும் அங்கே போய் நின்று, "சாப்ட்டீங்களா?" என்று போனில் கத்துவாள்.

பேத்தி பிறந்த சேதியையும் அங்கிருந்துதான் சொன்னாள். அத்தான் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கேட்டுடுச்சு" என்றார்.

எனக்கும் கேட்டது. தெருவுக்கே கேட்டிருக்கும்.