கடைமடைக்காரி சொன்ன ‘வரேன்’

மாலையில் நான் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் ஹெங்க் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நெதர்லாந்தில் நான் வேலை செய்யும் நீர் மேலாண்மை அலுவலகத்தின் காவலாளி அவர். எல்லோரும் போன பிறகு விளக்கணைத்து, அலாரம் போட்டு, கதவைப் பூட்டுவது அவர் பொறுப்பு. மற்றவர்களைச் சிரித்துக் கையசைத்து அனுப்புகிறவர், என்னைக் கண்டால் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். சீக்கிரம் கிளம்புகிறேன் என்று நினைக்கிறாரோ என்று ஐந்தரை வரை இருந்து பார்த்தேன். முகம் இன்னும் வாடியது. ஆறு மணி வரை இருந்தேன். அன்று தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்றுமில்லாததை ஊதிப் பெரிதாக்குவதில் நான் கெட்டிக்காரி. பிறந்த இடம் அப்படி. நாகப்பட்டினம் பக்கத்தில் கடைமடை ஊர் எங்களுடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மேலே உள்ள ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால்தான் எங்கள் வயலுக்கு வரும். வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டிய பிறகும் அப்பா நிம்மதியாக உட்கார மாட்டார். மேலே எவனாவது அடைத்துவிட்டானா, கரை உடைந்துவிட்டதா, பாதியில் நின்றுபோகுமா என்று மண்வெட்டியும் கையுமாக நடந்துகொண்டே இருப்பார். அப்பா காலமாகி வெகுநாளாயிற்று. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் முடித்து இவ்வளவு தூரம் வந்த பிறகும் அந்த நடை மட்டும் என் மண்டைக்குள் ஓயவில்லை.

இது கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நாடு. தண்ணீர் வராதோ என்று இங்கே யாரும் பயப்படுவதில்லை. வந்துவிடுமோ என்றுதான் பயம். கால்வாய்களின் நீர்மட்டத்தைத் திரையில் பார்த்து, எந்த பம்ப் எப்போது ஓட வேண்டும் என்று சொல்வது என் வேலை. சேர்ந்த முதல் வாரம், ஒரு கால்வாயில் ஒரு சென்டிமீட்டர் ஏறிவிட்டதென்று பதறிப்போய் எங்கள் குழுத் தலைவி மார்லேனைக் கூப்பிட்டேன். அவள் வந்து திரையைப் பார்த்தாள். “இது தண்ணீர் இல்லை, காற்று” என்று சொல்லிவிட்டுக் காப்பி எடுக்கப் போய்விட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுநாளும் கூப்பிட்டேன்.

பதினோராவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் மார்லேனிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. “ஏஃவன் ப்ராட்டன்? திங்கள், பத்து மணி.” கொஞ்சம் பேசலாமா என்று அர்த்தம். நம் ஊரில் யாராவது ‘உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்’ என்றால் நல்ல சேதி வந்ததாக எனக்கு நினைவில்லை. என்னுடையது ஓராண்டு ஒப்பந்தம். நீட்டித்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நிர்வாகப் பிரிவிலிருந்து ‘ஒப்பந்தம்’ என்ற தலைப்போடு ஒரு மின்னஞ்சல் வேறு வந்து கிடந்தது. மற்ற மின்னஞ்சல்களை நான்கு முறை படிக்கிற நான், அதைத் திறக்கப் பயந்து மூன்று நாளாக அப்படியே வைத்திருந்தேன். சனிக்கிழமை உட்கார்ந்து, இந்தப் பதினோரு மாதத்தில் நான் செய்த தவறுகளை எழுதினேன். பதினான்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானமும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனேன். அங்கே தண்ணீருக்குள் ஓர் அளவுகோல் நட்டிருக்கிறது. அதில் மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. நடுவில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. காற்று அடித்தால் ஏறும், படகு போனால் குலுங்கும். கோட்டைத் தாண்டாதவரை பம்ப் பேசாமல் கிடக்கும். தினமும் திரையில் பார்க்கிற சங்கதிதான். ஆனால் கரையில் நின்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹெங்க் பெருமூச்சு விட்டால் பம்பைப் போடுகிறேன், யாராவது பதில் எழுதத் தாமதித்தால் பம்பைப் போடுகிறேன். காய்ந்த வயலுக்காக அப்பா வாய்க்காலோரம் காவல் நடந்த பழக்கம் இது. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பயம் போய்விடவில்லை, ஆனால் பசித்தது. வீட்டுக்கு வந்து ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மார்லேன் எதிரே உட்கார்ந்து, தவறுகளை எழுதிய காகிதத்தை விரித்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

“தினமும் மாலையில் வெளியே போய்விட்டு ஏன் திரும்பி வருகிறீர்கள்?” என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திரும்பி வருவதே இல்லையே என்றேன்.

“ஹெங்க்கிடம் திரும்பி வருவதாகத்தான் சொல்லிவிட்டுப் போகிறீர்களாம். பாவம், ஒரு மணி நேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்.”

அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்ல நமக்கு நாக்கு வருமா? நம் ‘போயிட்டு வரேன்’ என்பதை அப்படியே டச்சில் போட்டு, ‘இக் கோம் தெருஹ்’, திரும்பி வருவேன் என்று தினமும் வாயார அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் தாமதமாகக் கிளம்பக் கிளம்ப அவர் வீடு போய்ச் சேரும் நேரமும் தள்ளிப்போயிருக்கிறது. தயங்கித் தயங்கி ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடம் நீட்டித்து, போன வாரமே மின்னஞ்சல் அனுப்பியாயிற்றே, பார்க்கவில்லையா என்றாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை ஹெங்க்கிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் ஊரில் ‘போறேன்’ என்றால் ஒரேயடியாகப் போகிறேன் என்பது போல ஆகிவிடும், அதனால் வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள் என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, “அப்படியானால் நான் காத்திருந்தது தப்பில்லை” என்றார். இங்கே ‘தொட் மோர்ஹன்’ என்று சொல்ல வேண்டும், நாளை வரை என்று அர்த்தம். இப்போது அதைத்தான் சொல்கிறேன். அவரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வேலையில் மனம் குலுங்குகிற நேரங்களில், கோட்டைத் தாண்டிவிட்டதா என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் காற்றாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை அம்மாவிடம் போனில் இந்தக் கதையைச் சொன்னேன். ஊரில் தனியாக இருக்கிற அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “பாவம்டி அந்த மனுஷன். நீ வருவ வருவன்னு வெளக்க அணைக்காம ஒக்காந்திருந்தாரா?” என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு வருடம் நீட்டித்த செய்தியையும் சொன்னேன். சந்தோஷம் என்றாள். நான் வழக்கம்போல, “சரிம்மா, வரேன்” என்றேன். எப்போதும் ‘சரி, பாத்து இரு’ என்று வைத்துவிடுகிறவள் அன்று வைக்கவில்லை.

“எப்ப?” என்று கேட்டாள்.

கோட்டைத் தாண்டிவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இது காற்று இல்லை.