வண்டி என்ன கலர்?

இன்று லீவு. ஃபோனில் மேப்பைப் போட்டுக்கொண்டு, துபாய்க்கு வெளியே மலைப்பக்கம் இருக்கும் ஐந்து பழங்கால இடங்களை நான், மனைவி, மகள் மூவரும் காரில் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம்.

முதல் இடம் ஒரு மண்கோட்டை. வாட்ச்மேன் அறந்தாங்கிக்காரர். தமிழ் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்து பழைய கல்லறைங்கதானே சார்? அங்க நம்ம ரூம்மேட் மாரிமுத்துதான் டூட்டி. தமிழ் பேச ஆளில்லாம கெடக்கான். நீங்க பாப்பாவோட வர்றதச் சொல்லிடுறேன்" என்று என் நம்பரை வாங்கி மாரிமுத்துவுக்கும் கொடுத்துவிட்டார்.

வெயிலில் மகள் அழ ஆரம்பித்தாள். "கல்லறையில என்னங்க பாக்கப் போறோம்?" என்றாள் மனைவி. வண்டியைத் திருப்பி, ஊருக்குள் பர் துபாய் வந்து ஒரு தமிழ் ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம்.

ரசம் ஊற்றும்போது ஃபோன்.

"சார், மாரிமுத்து பேசுறேன். டீய ரெண்டு தடவ சூடு பண்ணிட்டேன். எங்க வர்றீங்க?"

வரவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "டயர் பஞ்சருங்க, உங்க பக்கத்து ரவுண்டானாகிட்ட நிக்கிறோம்" என்றேன்.

பத்து நிமிடத்தில் மறுபடி அவர். மூச்சு வாங்கியது.

"லஞ்ச் பிரேக்தான் சார். டிரைவர் பாய்கிட்ட ஜாக்கி வாங்கிட்டு ரவுண்டானாவுக்கு வந்துட்டேன். வண்டி என்ன கலர்?"

"வெள்ளை" என்றேன்.

"சரி சார், பாப்பாவ வெயில்ல எறக்காதீங்க. நான் தேடிக்கிறேன்."

நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அந்த வெள்ளைதான். ஆனால் இந்த ஊர் ரோட்டில் பாதி வண்டி வெள்ளை. இந்நேரம் ஒவ்வொன்றாகக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருப்பார்.

பாயசம் வந்துவிட்டது. கமெண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். முதலில் அவரிடம் என்ன சொல்வதென்று யாராவது சொல்லுங்கள்.