என் உபவாசமும் எஸ்தரின் பசியும்

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் என் மனைவி எஸ்தர் குளியலறை வாசலில் விழுந்தாள். ஸ்ட்ரோக். வலது பக்கம் செயலிழந்தது. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் தாதியர் ஊட்டியபோது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டவள், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீரைக்கூட மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கஞ்சியையும் அப்படியே கூழாக்கி ஊட்டப் பார்த்தேன். கரண்டியை நீட்டினால் உதடுகளை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவாள். நெடுநேரம் கெஞ்சினால் கெட்டியாக்கிய பால் இரண்டு கரண்டி இறங்கும். நாளுக்கு நாள் கன்னம் ஒட்டிப்போனது. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, அவளால் விழுங்க முடிகிறது, ஏன் மறுக்கிறாள் என்றுதான் தெரியவில்லை என்றார். திங்கட்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றும் சொன்னார்.

நான் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சபையில் மூப்பர். அன்பைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் பல வருடங்கள் பிரசங்கித்திருக்கிறேன். எஸ்தர் வீட்டுக்கு வந்த அன்று சபையார் வந்து அவள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். அப்போது நான் உரத்த குரலில் ஒரு பொருத்தனை செய்தேன். இவள் எழுந்து நடக்கும்வரை பகல் முழுவதும் உபவாசம் இருப்பேன் என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். சிலர் அழுதார்கள். மறுவாரம் போதகர் என்னை ஆராதனையில் பாராட்டிப் பேசினாராம். கேள்விப்பட்டபோது எனக்கு அது இனித்தது. இதை மறைத்து எழுதினால் இந்தச் சாட்சிக்கு அர்த்தமில்லை.

பகல் முழுவதும் முழங்காலில் நின்றேன். எஸ்தர் தூங்கிய பிறகு சமையலறையில் ஏதாவது சாப்பிடுவேன். ஆண்டவரே, இவள் வாயைத் திறந்தருளும் என்று மன்றாடினேன். வானம் வெண்கலமாக மூடிக் கிடந்தது, ஒரு பதிலும் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. வேண்டுமென்றே செய்கிறாயா என்று அவளைத் திட்டிவிட்டேன். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ள இடது கையைத் தூக்கினாள். அதுவும் பாதியிலேயே விழுந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் எஸ்தரின் தங்கை புஷ்பம் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்தாள். வாயாடி. அவள் வந்தாலே நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவது வழக்கம். செருப்பைக் கழற்றும்போதே, எல்லோரையும் கேட்பது போல, "சாப்டாச்சா அத்தான்?" என்றாள். கட்டிலருகே நின்று, நான் உபவாசம் என்று சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். எஸ்தர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

புஷ்பம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போகாத குறைதான்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அக்கா உங்களுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டிருக்கா? நீங்க பட்டினி கெடந்தா அக்கா எப்படி லா வாயத் தொறக்கும்?"

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

"ஆண்டவர்கிட்ட சொன்னீங்க, சபைகிட்ட சொன்னீங்க. அக்காகிட்ட கேட்டீங்களா?"

அவள் விடவில்லை. சபைக் கமிட்டிக் கூட்டங்களில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வந்த நாட்களில், அக்கா சோற்றை மூடி வைத்துக் காத்திருந்ததைச் சொன்னாள். எஸ்தருக்குக் கேஸ்ட்ரிக் உண்டு. நேரத்துக்குச் சாப்பிட வேண்டாமா என்று அவளுக்கு அறிவுரை சொன்னவன் நான். இந்த வயதில், மச்சினியின் முன்னால், என் தலை தானாகக் குனிந்தது.

இருந்தும் பயமாக இருந்தது. தேவனிடம் செய்த பொருத்தனையை முறிப்பது எனக்குச் சின்ன விஷயமல்ல. அடுக்களையிலேயே முழங்கால்படியிட்டேன். நீளமாக ஜெபிப்பதில் பேர் போனவன், அன்று ஒரு வரிதான் சொன்னேன். "ஆண்டவரே, தண்டனை இருந்தால் எனக்குக் கொடும், இவள் சாப்பிடட்டும்." எழுந்தபோது மனதில் ஓர் அமைதி இருந்தது. அவர் என்னைப் போகச் சொன்னார் என்றே இன்றும் நம்புகிறேன்.

எஸ்தருக்காகக் கூழாக்கிய அதே கஞ்சியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் கண்ணெதிரே உட்கார்ந்தேன். பசை மாதிரி இருந்தது, உப்பும் இல்லை. ஒரு வாய் விழுங்கினேன். அவள் என் தொண்டையைப் பார்த்தாள். என் கிண்ணம் காலியானதும் அவளுடைய கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. இடது கையால் கரண்டியை மெல்ல என் பக்கமே தள்ளினாள்.

"இன்னொரு கிண்ணம் சாப்பிடணுமாம், அத்தான்," என்று புஷ்பம் சிரித்தாள். அவள் சேலைத் தலைப்பு கண்ணில் இருந்தது.

இரண்டாவது கிண்ணத்தையும் சாப்பிட்டேன். அதன் பிறகே எஸ்தர் வாயைத் திறந்தாள். கிண்ணத்தில் பாதிக்குமேல் சாப்பிட்டாள். நான் என் ஊழியக் காலத்தில் எத்தனையோ அற்புதச் சாட்சிகளைக் கேட்டவன். அந்தக் கரண்டி காலியாகி வெளியே வந்ததைப் போல ஒன்றை நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை குழாய் தேவைப்படவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து, பொருத்தனையை முறித்துவிட்டேன் என்று சொன்னேன். விசுவாசத்தில் குறைந்துபோனேன் என்று ஒரு சகோதரர் வருத்தப்பட்டார். உபவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. என் உபவாசத்தில் நான்தான் நிறைந்திருந்தேன், அவள் இல்லை. பசியைத் தாங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. பேரை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

எஸ்தர் இன்னும் நடக்கவில்லை. சில வார்த்தைகள் வருகின்றன. மூன்று வேளையும் அவள் சாப்பிடும் கூழையே நானும் சாப்பிடுகிறேன். முதல் வாய் உனக்குத்தான் என்று ஒவ்வொரு வேளையும் சொல்வேன். மாதக்கணக்கில் தலையாட்டி மறுத்தாள். போன வாரம் ஒருநாள், என்ன நினைத்தாளோ, என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். எங்கள் வாழ்வில் முதல்முறையாக அவள் எனக்கு முன்னால் சாப்பிட்டாள். நான் அவசரமாகக் கரண்டியை நீட்டியதில் கஞ்சி அவள் கழுத்தில் சிந்தியது. "மெதுவா," என்றாள்.

என் ஆண்டவருக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வார்த்தை இல்லை. இதைப் படிக்கிற சகோதரனே, உன் வீட்டில் உனக்காகப் பசியோடு காத்திருக்கிறவர் யார் என்று இன்று ஆண்டவரிடம் கேள். அவர் காட்டுவார். ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு எழுந்து, பசித்திருக்கிறவரிடம் போ.