முந்திரிக் கட்டுரையில் முளைத்த சைட்டேஷன்கள்

இதழ் அச்சுக்குப் போகிற நாளில்தான் எங்கள் டைரக்டருக்கு ஞானோதயம் வரும். தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரத்து மேலாண்மைக் கல்லூரி ஒன்றின் ஜர்னலுக்கு அவர் ஆசிரியர், நான் உதவி ஆசிரியர். ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை ஆதாரமாகக் காட்டினால் அது சைட்டேஷன். அது கூடினால் ஜர்னலின் செல்வாக்கு கூடியதாகக் கணக்கு. எங்களை யாரும் காட்டுவதில்லை.

அன்று ப்ரூஃபில் இருந்தது முந்திரி ஆலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் அண்டியாபீஸ், மேஸ்திரிகள் பற்றிய கட்டுரை. எழுதியவர் பாறசாலைக்காரர் செல்வமேரி, வேறொரு கல்லூரியில் லெக்சரர். பதவி உயர்வு இண்டர்வியூவுக்கு இந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தார்.

“நம்ம ஜர்னல்லேர்ந்து ஒரு அஞ்சு சைட்டேஷன் கூடி சேர்க்கச் சொல்லும்” என்றார் டைரக்டர்.

“முந்திரி பத்தி நம்மகிட்ட ஒண்ணுமே இல்லையே சாரே?”

“அது சாரமில்லை, பரவாயில்லை. நம்மளை நாமளே சைட் பண்ணலேன்னா வேற ஆரு பண்ணும்?”

டைரக்டர் குறித்துக் கொடுத்த ஐந்து கட்டுரைகளின் பட்டியலை நான் போனில் வாசித்ததும் செல்வமேரி கொதித்துவிட்டார். “ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோருக்கும் அண்டியாபீசுக்கும் என்ன சார் சம்பந்தம்? வாசிக்காததை வாசிச்சேன்னு எழுத மாட்டேன்.”

டைரக்டரிடம் அப்படியே போய்ச் சொன்னேன். “செரி” என்று தலையாட்டிய மனிதர், நான் சாப்பிடப் போன நேரத்தில் அச்சகத்துக்கு ஆளனுப்பி ஐந்தையும் சேர்த்துவிட்டார். இதழ் கட்டாக வந்தபோதுதான் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு செல்வமேரிக்குப் போன் செய்தேன்.

“யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிருவேன் சார்” என்றார்.

கேட்டார்கள். மருந்து ஸ்டோர் இங்கே எதற்கு என்றது இண்டர்வியூ குழு. “அது நான் சேர்த்ததில்லை” என்றார் செல்வமேரி. “அப்படியானால் வேறு எதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை?” என்று மடக்கிவிட்டார்கள். பதவி உயர்வு போயிற்று.

எங்கள் ஜர்னலுக்கோ அந்த ஐந்தால் செல்வாக்கு மார்க் கொஞ்சம் ஏறியது. டைரக்டர் ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தார். என் பங்கைத் தொடாமல் பெட்டியிலேயே திருப்பி வைத்தேன். ஜர்னலின் மார்க்கைப் பார்த்து மயங்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை சைட்டேஷன் என்று கேட்காதீர்கள், யார் எதற்காகப் போட்டது என்று திறந்து பாருங்கள்.

மறு வருடம் டைரக்டர் சொன்னார்: “அந்த அண்டியாபீஸ் கட்டுரையை வெளியில நல்லா சைட் பண்றாங்க. அவங்ககிட்ட இன்னொண்ணு வாங்கும்.”

“எனக்கு முகமில்லை. நீங்களே கேளுங்க சாரே.”

கூச்சமே இல்லாமல் கேட்டார். செல்வமேரியின் பதில் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“நீங்களே எழுதிக்கிடுங்க சார். பேரு மட்டும் என்னோடதைப் போட்டுக்கிடுங்க.”

போனை வைத்துவிட்டு டைரக்டர் என்னைப் பார்த்தார்.

“அப்போ பெர்மிஷன் தந்துட்டாங்க, அல்லே?”