பூண்டிப் பெட்டியின் பதினோராம் பக்கம்

இறந்துபோன ஒரு பெண்ணின் கையெழுத்தை நான் போலியாக எழுதினேன். அந்தத் தாளை அவளுடைய அப்பாவின் கையிலேயே கொடுத்தேன். அவர் நம்பி வாங்கிக்கொண்டார்.

இதற்கு மேல் நீங்கள் வாசிக்காமல் போனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. மீதி, அது எப்படி நடந்தது என்பதுதான்.

அந்த வருடங்களில் கொடைக்கானலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மழையளவு, முதல் உறைபனி விழுந்த நாள், புதிதாக ஒரு பேருந்து ஓடத் தொடங்கிய நாள்... எதையும் தேதியோடு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். அப்போதுதான் ஜியோகேச்சிங் என்ற பொழுதுபோக்கு எனக்கு அறிமுகமானது. ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டில் ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையதளத்தில் போடுவார். இன்னொருவர் ஜிபிஎஸ் கருவியோடு தேடி வருவார். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் நோட்டில் நாலு வரி எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். ஊருக்குத் திரும்பியதும் தளத்திலும் பதிவார். அவ்வளவுதான் விளையாட்டு.

என் பெட்டி பூண்டி கிராமத்துக்கு மேலே, வெள்ளைப்பூண்டு வயல்கள் முடிந்து சோலை தொடங்கும் இடத்தில், ஒரு பாறை இடுக்கில் இருந்தது. நீல நிற பிளாஸ்டிக் டப்பா, ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா.

இந்த விளையாட்டுக்காரர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. தேடிப்போன பெட்டி காணாமல் போயிருந்தால், அங்கே புதிதாக ஒரு டப்பாவை வைத்துவிட்டு 'கண்டுபிடித்தேன்' என்று பதியலாமா? பதிந்தால் என்ன, அவ்வளவு தூரம் மலையேறி வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதா என்று பெங்களூர்க்காரர்கள் கேட்டார்கள். நான் எதிர்க்கட்சி. நோட்டு பொய்யானால் பெட்டி வெறும் குப்பை என்று எழுதினேன். வருடத்துக்கு இருமுறை ஏறிப்போய், பெட்டியின் நோட்டில் இருப்பதை என் நோட்டில் படியெடுப்பேன். அதில் பெயர் இல்லாதவர்களின் இணையப் பதிவுகளை நீக்கிவிடுவேன். என்னை 'வாத்தியார்' என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒரு ஐப்பசி மழையில் பெங்களூர்க்காரர் ஒருவர் பெட்டி அங்கே இல்லையென்று பதிந்தார். நான் போய்ப் பார்த்திருக்கவேண்டும். மழை... சோம்பல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினேன்: "நேற்று நேரில் பார்த்தேன். பெட்டி பத்திரமாக இருக்கிறது. நன்றாகத் தேடவும்." மற்றவர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

முதல் பொய் அது. அதை யார் நம்பி வருவார் என்று நான் யோசித்தேனா? இல்லை.

தை மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. சுமதி என்ற பெண்ணின் தோழி எழுதியிருந்தாள். முந்தைய வருடம் திண்டுக்கல்லிலிருந்து வந்து என் பெட்டியைக் கண்டுபிடித்தவள் சுமதி. சில மாதங்களில் ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டாளாம். அவள் அப்பா செல்லத்துரை அந்த நோட்டில் மகள் எழுதியதைப் பார்க்க விரும்புகிறார். பெட்டி பத்திரமாக இருப்பதாகத் தளத்தில் நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். சனிக்கிழமை அவரை அழைத்துப் போவீர்களா என்று கேட்டிருந்தாள்.

வியாழக்கிழமை முதல் பேருந்தில் பூண்டிக்குப் போனேன். பாறை இடுக்கு காலி. கீழே வயலில் பூண்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த பாக்கியம் என்ற பெண்ணிடம் கேட்டேன்.

"நீல டப்பாவா? ஏங்கிட்டதான் கெடக்குங்கய்யா. காட்டுமாடு உருட்டிவிட்டுருச்சுபோல, மூடி தனியா டப்பா தனியா பாதையில கெடந்துச்சு. வெதப்பூண்டு போட்டு வச்சிருக்கேன்."

"உள்ளே ஒரு நோட்டு இருந்ததே?"

"அந்தக் கொப்பியா?" அவள் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், வீட்டில் நோட்டைக் கொப்பி என்றுதான் சொல்வார்களாம். "நனஞ்சு நாறிக் கெடந்துச்சு. காயவச்சு அடுப்பு பத்தவச்சோம். மிச்சம் நாலஞ்சு தாளு எங்கயோ சொருகிக் கெடக்கு. ஞாயித்துக்கெழம சோலி கெடையாது, தேடிப் பாக்குறேன். காட்டுல கெடந்தத எடுத்தது குத்தமாய்யா?"

"குத்தமில்லை."

"அப்ப மொகத்த ஏன் பூண்டுக் காந்தல் பட்ட மாதிரி வச்சிருக்கீங்க?"

ஞாயிறு என்றாள். செல்லத்துரை சனிக்கிழமை வருகிறார். ஒரு வாரம் தள்ளி வாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். பெட்டி இல்லை என்று சொல்லவேண்டியிருக்கும். அப்படியானால் நேரில் பார்த்தேன் என்று எழுதியது? வாத்தியார் என்ன சொல்வார்?

அன்று மாலை அதே மாதிரி நோட்டு ஒன்று வாங்கி, ஈரத்துணியில் சுற்றிவைத்துக் காயவைத்தேன். நான் படியெடுத்து வைத்திருந்த பதிவுகளை வேறு வேறு பேனாக்களால் வரிசையாக எழுதினேன். பதினோராம் பக்கம் சுமதியுடையது. அந்த நோட்டில் தமிழில் இருந்த ஒரே பதிவு. பச்சை மை, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து... அது மட்டும்தான் நினைவிலிருந்தது.

என் படியில் இருந்தது இவ்வளவே: "ஒரே மூடுபனி. பள்ளத்தாக்கு தெரியவில்லை. ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். சுமதி, திண்டுக்கல்..." மேலே தேதி. கடைசியில் மூன்று புள்ளிகள். படியெடுக்கும்போது குடும்ப விஷயங்களை விட்டுவிட்டு மூன்று புள்ளி வைப்பது என் வழக்கம்; வரலாற்றுக்கு அவை எதற்கு? இங்கே எதை விட்டேன் என்று எனக்கு நினைவில்லை. புள்ளிகளை விட்டுவிட்டு, அந்த வரிகளையும் தேதியையும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை புது டப்பாவைப் பாறை இடுக்கில் வைத்தேன்.

செல்லத்துரை திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர். சனிக்கிழமை அந்தச் சிறிய ஏற்றத்தில் நான்கு முறை நின்றார்.

"முட்டி தேஞ்சுபோச்சு சார். அன்னைக்கு அவள ஏறச் சொல்லிட்டு நான் கீழ டீக்கடையிலயே உக்காந்துட்டேன். எறங்கி வந்தவகிட்ட என்னடி எழுதுனன்னு கேட்டேன். அடுத்த தடவ நீங்களே ஏறி வந்து படிங்கப்பான்னுட்டா. கடைசிவரைக்கும் சொல்லலியே. வம்புக்காரி."

இதை முன்பே தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? தெரியவில்லை.

பாறை இடுக்கிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த நோட்டை அவர் நின்றுகொண்டே படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இம்புட்டுத்தானா சார்?"

"இவ்வளவுதான்."

"எழுத்து கொஞ்சம் மாறிக் கெடக்கே..." அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "குளுருல கை வெறச்சிருக்கும்."

"ஆமாம். இங்கே குளிர் அதிகம்."

"இதுக்கா என்னைய ஏறி வரச் சொன்னா..." பிறகு அவர் விரல் தாளின் மேல்மூலையில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. "சார், தேதி போட்ருக்கா."

நான் டப்பாவின் மூடியைத் துடைத்தேன்.

"காலேஜ்ல இருந்து எழுதுன லெட்டர் ஒன்னுலகூட தேதி கெடையாது சார். ஏட்டி, தேதி போடாத கடுதாசி மொட்டக் கடுதாசின்னு திட்டுவேன். இதத்தான் படிக்கச் சொல்லிருக்கா. ஏம்பேச்சக் கேட்டுட்டாளாம்." அவர் சிரித்தார். சிரித்தபடியே தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியின் நோட்டிலிருந்து யாரும் தாளைக் கிழிக்கக்கூடாது. அதை நானே கிழித்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பாக்கியம் என் அலுவலகத்துக்கே வந்தாள். பிளாஸ்டிக் பையில் ஐந்து தாள்கள். "கரி பட்டிருக்கும், பாத்துக்கங்கய்யா" என்றாள். இரண்டாவது தாள் பச்சை மை. தேதி இல்லை; என் படியில் இருந்த தேதி என் பழக்கப்படி நானே போட்டது. நான் படியெடுத்த வரிகளுக்குக் கீழே இப்படி இருந்தது:

"அப்பா, இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஏறி வந்துவிட்டீர்கள். இனிமேல் முட்டி வலி என்று என்னிடம் சாக்குச் சொல்லமுடியாது. இடது பக்கம் ஒரு தட்டைக்கல் இருக்கிறது. அதில் உட்காருங்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் அன்று நின்றுகொண்டே இருந்தார். அந்தத் தட்டைக்கல்லில் நான் என் பையை வைத்திருந்தேன்.

உடனே பேருந்தேறி திண்டுக்கல் போயிருக்கவேண்டும் என்கிறீர்கள். சரிதான். ஆனால் இந்தத் தாளைக் கொடுத்தால் அந்தத் தேதியைப் பிடுங்கவேண்டும்... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவர்மீது இரக்கமா? இல்லை. என் பெயரைக் காப்பாற்ற நினைத்தேன். பெட்டியைத் தளத்திலிருந்து நீக்கிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'காட்டுமாடு' என்று எழுதினேன். எவரும் கேள்வி கேட்கவில்லை. வாத்தியார் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

என் தாளை அவர் லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறார். பொங்கல்தோறும் போன் செய்வார். கடைக்கு வருகிறவர்களிடம் தேதியைக் காட்டுவாராம். சுமதியின் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கடைசியாகப் பேசியபோது, "முட்டிய ஆப்பரேசன் பண்ணிட்டேன் சார், இப்ப வெரசா ஏறிருவேன். இன்னொருக்கா அந்தப் பாறையப் பாத்துட்டு வருவமா? நாளைக்கே வாரேன்" என்றார்.

இங்கே நல்ல மழை, பாதை வழுக்கும் என்றேன்.

போனை வைத்துவிட்டு, வழக்கம்போல அன்றைய பக்கத்தை எழுதினேன். தேதி. வானம் தெளிவு. மழை இல்லை.